தினமும் துடைக்கும் துணிதான் கறுப்பு காரின் முதல் எதிரி!

புதுசாகக் கறுப்பு கார் எடுத்த யாரிடமாவது ஆறு மாதம் கழித்துப் பேசிப் பாருங்கள். மைலேஜ், இ.எம்.ஐ. எல்லாம் பேசி முடித்ததும் அடுத்த புலம்பல் இதுவாகத்தான் இருக்கும்: "ஷோரூம்ல கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்போ வெயில்ல நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுது. தினமும் துடைக்கத்தானே செய்றோம், அப்புறம் எப்படி?"

தினமும் துடைப்பதால்தான். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

கறுப்பு, அடர்நீலம், கரும்பச்சை, மெரூன் என்று அடர்நிறக் கார் வைத்திருப்பவர்களை வாட்டும் பிரச்னைகள் இரண்டு. ஒன்று, மெல்லிய கீறல். இன்னொன்று, தண்ணீர் காய்ந்த இடத்தில் நிற்கும் வெள்ளைப் புள்ளி. இரண்டுக்கும் கடைகளில் விலை உயர்ந்த தீர்வுகள் விற்கிறார்கள். ஆனால், இரண்டும் பெரும்பாலும் நம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், நம் கண் முன்னாலேயே, நாம் சம்பளம் கொடுத்து நடக்கிற வேலையால் வருபவை. அந்த வேலையின் முறையை மாற்றினாலே போதும். பாலிஷும் கோட்டிங்கும் அதற்குப் பிறகுதான். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

கீறல் விழுவது எங்கே?

இன்றைய கார்களில் நாம் தொடுவது நிறத்தை அல்ல. உலோகத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' எனப்படும் நிறமில்லாத பூச்சு. காரின் பளபளப்பு முழுக்க இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் ஆபீஸில் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது தூசிக்கு வருவோம். நம் ஊர்த் தூசி வெறும் மண் அல்ல. மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. சாதாரணக் கத்தியின் எஃகு சுமார் 5.5. அதாவது, கத்தியையே கீறக்கூடிய பொருள் உங்கள் பானெட்டின் மேல் படிந்து கிடக்கிறது. ஆற்று மணலாவது தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் என்பது பாறையை உடைத்து எடுப்பது. அதன் துகள்களுக்குக் கூர்மையான விளிம்புகள் உண்டு. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலையிலோ, பக்கத்து மனையில் வீடு எழும்பும் தெருவிலோ கார் நிற்கிறது என்றால், படிவது அந்தத் தூசிதான்.

தூசி சும்மா படிந்திருந்தால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. அந்த நொடியில் துணி, உப்புத்தாள் ஆகிவிடுகிறது. வாரத்துக்கு ஆறு நாள் துடைத்தால் வருடத்துக்கு 300 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் விழுவது கண்ணுக்குத் தெரியாத கீறல்தான். 300 தடவை சேர்ந்தால் தெரியாமல் இருக்குமா?

வெள்ளைக் காரில் ஏன் தெரிவதில்லை?

வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் உண்டு. ஆனால் வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் கீறலிலிருந்து வரும் சின்ன மினுக்கம் கரைந்துபோகும். கறுப்பு, விழும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பின்னணி இருட்டாக இருப்பதால், கீறலின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் தனியாகத் தெரியும். கரும்பலகையில் சாக்பீஸ் கோடு போல.

இன்னொரு விஷயம். "வட்ட வட்டமா துடைச்சதால வட்டமா கீறல் விழுந்திருக்கு" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. சூரியனோ விளக்கோ இருக்கும் புள்ளியைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன. அதனால்தான் சிலந்தி வலை போன்ற வட்டத் தோற்றம். நீங்கள் நகர்ந்தால் அந்த வலையும் உங்களோடு நகரும். பார்க்கிங்கில் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் இது புரியும்.

தினமும் காலையில் கார் துடைக்கும் பழக்கம் நமக்கு டிரைவர் வைத்துக்கொள்ளும் காலத்திலிருந்து வந்தது. வெள்ளை அம்பாசடர்களைத் தினமும் துடைத்தார்கள், கீறல் யார் கண்ணிலும் படவில்லை. அதே பழக்கத்தை அப்படியே கறுப்பு எஸ்.யூ.வி.க்குக் கொண்டுவந்தோம். நிறம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

துடைப்பவர் மேல் பழி போடலாமா?

கீறலைப் பார்த்ததும் நம் கோபம் முதலில் யார் மேல் பாயும்? விடியற்காலையில் வந்து கார் துடைத்துவிட்டுப் போகும் அண்ணன் மேல். "என்னண்ணே, வண்டியைப் போட்டு இப்படித் தேய்ச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுகிறோம்.

அவர் வேலை செய்யும் சூழலைக் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு காரின் உரிமையாளரும் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் அத்தனை கார்களையும் முடிக்க வேண்டும். ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கையில் ஒரு வாளி, ஒரு துணி. ஹோஸ் பைப் போட அசோசியேஷன் விடாது. முதல் காரின் மண் அந்த வாளியில் இறங்கி, ஐந்தாவது காரின் மேல் ஏறுகிறது. துணியும் பெரும்பாலும் பழைய பனியனோ, திருப்பூர் கட்பீஸோ, மஞ்சள் துணியோதான். அதன் தையல் விளிம்பே கீறும். இவ்வளவுக்கும் ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் வருமானம். ஒரு நாள் துடைக்காமல் விட்டால், "இன்னிக்கு வரலையா?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வேறு.

தினமும் பளபளப்பு வேண்டும் என்று கேட்டது நாம். தண்ணீர் கிடையாது என்று சொன்னது நாம். துணி வாங்கிக் கொடுக்காததும் நாம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கீறல் இல்லாமல் யாராலும் துடைக்க முடியாது. ஷோரூமின் டீட்டெய்லிங் வல்லுநரைக் கூட்டிவந்து அதே வாளியையும் துணியையும் கொடுத்தாலும் இதே கீறல்தான் விழும்.

அதனால் என் பரிந்துரை இதுதான்: சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றுங்கள். வாரம் ஆறு நாள் துடைப்பதற்குப் பதிலாக, வாரம் ஒரு நாள் முறையான வாஷ். மற்ற நாட்களில் கண்ணாடி, ஹெட்லைட், நம்பர் பிளேட், வீல் மட்டும். பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். உங்கள் காருக்கென்று துணி செட் ஒன்று வாங்கி, டிக்கியில் வைத்துவிடுங்கள். சரியாக வாஷ் செய்யும் முறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செய்து பாருங்கள். இரண்டாவது வாரம் அவர் உங்களைவிட நன்றாகச் செய்வார். கூடுதல் திறமைக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் தப்பில்லை; ஒரு தடவை பாலிஷ் போடும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

"ஒரு வாரம் தூசியோட நின்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்பீர்கள். நன்றாக இருக்காதுதான். ஆனால், தூசி தண்ணீரில் போய்விடும். கீறல் போகாது. எதைப் பொறுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வருகிறது?

கீறல் கதை இப்படி என்றால், புள்ளியின் கதை தண்ணீரில் இருக்கிறது. போர் தண்ணீர் காய்ந்த பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கம், பாத்ரூம் குழாய், ஹீட்டர் காயில் எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு படலம் பார்த்திருப்பீர்கள். காரில் நிற்பதும் அதுவேதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள், தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருட்களின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். குடிநீருக்கு இந்திய தரநிலை சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,000 என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்த காரின் மேல் அரை லிட்டர் தண்ணீர் துளித்துளியாக நின்று காய்ந்தால், அரை கிராம் உப்பு காரின் மேல் ஒட்டியிருக்கும். கறுப்புப் பரப்பில் அரை கிராம் வெள்ளைப் பொடியைத் தூவினால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீரை 'நல்ல தண்ணி' என்றும் போர் தண்ணீரை 'உப்புத் தண்ணி' என்றும் பிரித்துத்தான் அவர்கள் வீட்டில் புழங்குவார்கள். சென்னையில் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால் பிரச்னை இன்னும் அதிகம்.

இதில் கறுப்பு நிறத்துக்குக் கூடுதல் சோதனை ஒன்று உண்டு. வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அதன்மேல் விழும் தண்ணீர், துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் காய்ந்துவிடும். புள்ளியைப் பல நாள் அப்படியே விட்டு, வெயிலில் மறுபடி மறுபடி சூடானால், அது கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். அதன்பிறகு எந்தத் துணிக்கும் போகாது.

ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீரில் கார் கழுவலாமா?

பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து, "வேஸ்ட் பண்ணக் கூடாது" என்று அதில் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால், ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. பிரித்து அந்தக் கழிவுநீரில்தான் தள்ளுகிறது. அதாவது, குழாயில் வருவதைவிட அதில் உப்பு அதிகம். வீல், மேட், பார்க்கிங் தரை கழுவ அது போதும். கறுப்புக் காரின் கடைசி அலசலுக்கு அதைவிட மோசமான தண்ணீர் கிடையாது.

அப்படியானால் கடைசி அலசலுக்கு எது? உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து திரண்டு வருவதால் அதில் கரைந்த உப்பு மிக மிகக் குறைவு. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஏ.சி. ஓடினாலே சில லிட்டர் சேர்ந்துவிடும். டிரெயின் பைப்பின் கீழே ஒரு கேன் வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். மொட்டை மாடியில் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரும் அப்படியே. டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, வீட்டுக் குழாய், ஆர்.ஓ. கழிவு, ஏ.சி. தண்ணீர் மூன்றையும் அளந்து பாருங்கள். எதைக் காரில் ஊற்றலாம் என்று அந்த எண்களே சொல்லிவிடும்.

சரி, எப்படித்தான் கழுவுவது?

தேவையானவை: இரண்டு வாளி, கார் ஷாம்பு, நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, ஈரம் ஒற்ற பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, வீலுக்குத் தனியாக ஒரு பழைய துணி. டவல் வாங்கும்போது ஜி.எஸ்.எம். என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அது. ஒற்றுவதற்கு 500க்கு மேல் இருந்தால் நல்லது. லேபிள் தைத்திருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

1. நிழல் முக்கியம். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், அல்லது மாலையில். பானெட்டில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. ஓட்டிவந்த உடனே கழுவாதீர்கள்.

2. முதலில் வீல். பிரேக் தூளும் தார் அழுக்கும் அங்கேதான். அதற்கான துணி, தண்ணீர் இரண்டும் தனி. அந்தத் துணி பெயின்ட் பக்கம் வரவே கூடாது.

3. அடுத்து, எதையும் தொடாமல் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழாக நன்றாக அடித்து விடுங்கள். மொத்த வாஷிலும் இதுதான் முக்கியமான கட்டம். இங்கே எவ்வளவு மண் போகிறதோ, அவ்வளவு கீறல் மிச்சம். ஈ.சி.ஆர். பக்கம் போய்வந்த கார் என்றால் உப்புக் காற்றின் படலமும் இதில் போகும்.

4. ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் தேயுங்கள். மறுபடி ஷாம்பில் முக்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசுங்கள். மண் அங்கே தங்கிவிடும், காருக்குத் திரும்பாது. கடைசியில் அந்த வாளியின் அடியைப் பாருங்கள். இத்தனை நாள் இதை வைத்தா தேய்த்தோம் என்று தோன்றும்.

5. வரிசை: மேற்கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். மண் அதிகம் இருப்பது கீழேதான். அதைத் தொட்ட கையுறையோடு மேலே போகாதீர்கள். அழுத்த வேண்டாம், கையுறையின் கனமே போதும். வட்டமாக அல்லாமல் நேர்கோட்டில் இழுங்கள்.

6. ஷாம்பு காய்வதற்குள் அலச வேண்டும். கோடைக்காலம் என்றால் பாதிக் காரை முடித்து அலசிவிட்டு மறுபாதிக்குப் போங்கள்.

7. கடைசி அலசலுக்கு, சேர்த்து வைத்த ஏ.சி. தண்ணீர். ஸ்பிரேயாக அடிக்காமல், மேலிருந்து மெதுவாகப் படலமாக வழிய விடுங்கள். துளிகளையும் இழுத்துக்கொண்டு அதுவே இறங்கிவிடும். துடைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

8. உடனே ஈரம் எடுங்கள். டவலை விரித்துப் போட்டு, மேலே லேசாகத் தட்டி ஒற்றி எடுக்கலாம். அல்லது இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுக்கலாம். அழுத்தித் தேய்க்கும் வேலையே இல்லை. கதவு இடுக்கு, சைடு மிரர், கைப்பிடி, நம்பர் பிளேட் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பிறகு வழிந்து கோடு போடும். கதவுகளை ஒருமுறை திறந்து மூடி அதையும் ஒற்றிவிடுங்கள்.

தரையில் விழுந்த டவலை உதறிவிட்டு மறுபடி எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். விழுந்தால் அன்றைக்கு அது அவுட். துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வாசனைக்காகப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனர் இழைகளின் மேல் படிந்து, ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

ஹோஸ் போட வழியில்லாத அபார்ட்மென்ட்டில்?

இந்த யோசனை இன்னும் அவசியமாகப் போகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை நாம் மறக்க முடியாது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் ஹோஸை 10 நிமிடம் திறந்துவிட்டால் 100 லிட்டர் போய்விடும். ஒரு காருக்கு அது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

மாற்று வழி உண்டு. 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்று ஒரு திரவம் கிடைக்கிறது. அலசத் தேவையில்லாத ஷாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, அதில் ஆறேழு மைக்ரோஃபைபர் துணிகளை ஊற வையுங்கள். அதே கலவையை ஒரு ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி, துடைக்கப்போகும் பகுதியில் முதலில் அடித்து ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு ஒரு துணியை நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஓர் இழுப்பு, அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். அழுக்கான துணியை மறுபடி வாளியில் போடக் கூடாது. கையோடு இன்னொரு துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வாளிக்கு ஏ.சி. தண்ணீரைப் பயன்படுத்தினால் புள்ளிப் பிரச்னையும் இல்லை. சேறு பூசிய காருக்கு இது சரிவராது. சாதாரண வாரத் தூசிக்குப் போதும்.

அசோசியேஷன் கூட்டத்தில் பேச வேண்டியதும் இதுதான். 'கார் கழுவத் தடை' என்று ஒரே வரியில் போர்டு மாட்டுவதைவிட, ஏ.சி. தண்ணீரைச் சேர்க்க பார்க்கிங்கில் ஒரு டிரம், துணி அலச ஒரு குழாய் என்று வசதி செய்து கொடுப்பது எல்லோருக்கும் நல்லது. கார் துடைப்பவர்களுக்கும் ஒரே வாளியோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

இவையும் கீறல்தான்!

சர்வீஸ் சென்டரின் இலவச வாஷ்: சர்வீஸுக்கு விடும்போதே ஜாப் கார்டில் 'வாஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் நாள் முழுக்க எல்லாக் காருக்கும் ஓடும் அதே துணிதான் உங்கள் காருக்கும் வரும். சுழலும் பிரஷ் வைத்த ஆட்டோமேட்டிக் வாஷும் அப்படித்தான். முன்னால் போன காரின் மண் அந்த பிரஷில் இருக்கும்.

கார் கவர்: சுத்தமான காருக்குக் கவர் போடலாம். தூசியோடு நிற்கும் காரில் போட்டால், காற்றில் கவர் அசையும்போதெல்லாம் அது தேய்க்கும். போடும்போதும் எடுக்கும்போதும் தரையில் இழுபடும் ஓரம் அடுத்த முறை பானெட்டில் ஏறும்.

ஆயுத பூஜை: சந்தனம், குங்குமம் காய்ந்த பிறகு துணியால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊற வைத்து, தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் சாமியும் கோபிக்காது, பெயின்ட்டும் பிழைக்கும்.

பறவை எச்சம்: வாரம் ஒரு நாள் விதியில் இதற்கு மட்டும் விலக்கு. இதிலிருக்கும் அமிலம் வெயில் சூட்டோடு சேர்ந்து கிளியர் கோட்டை அரிக்கும். பார்த்த அன்றே எடுங்கள். தேய்க்காமல், நனைத்த டிஷ்யூவை மேலே வைத்து இளகவிட்டு அப்படியே தூக்கி எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், துணி சோப்புத் தூள்: மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அன்றைக்குப் பளபளக்கும். அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த நாளே தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தூளும் பாத்திரம் கழுவும் லிக்விடும் காரின் மேல் இருக்கும் மெழுகுப் பாதுகாப்பைக் கழுவிவிடும்.

செராமிக் கோட்டிங் போட்டால் இதெல்லாம் வேண்டாமா?

கறுப்புக் கார் வாங்கியவருக்கு ஷோரூமிலேயே முதலில் விற்கப்படுவது இதுதான். '9எச் கடினம், கீறலே விழாது' என்பார்கள். அந்த 9எச் என்பது பென்சில் அளவுகோல். 9எச் என்ற கடினமான பென்சிலால் கீறினாலும் தடம் விழாது என்றுதான் அதற்கு அர்த்தம். மணலின் 7 என்பது மோஸ் அளவுகோல், அதுவும் இதுவும் வேறு வேறு. பென்சில் கீறாததை மணல் கீறும்.

கோட்டிங்கால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகும். ஆனால், தண்ணீர் முத்து முத்தாக நிற்பதை வீடியோவில் காட்டுகிறார்களே, அந்த முத்தை அப்படியே வெயிலில் காயவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி. கோட்டிங் போட்ட காரையும் இதே முறையில்தான் கழுவ வேண்டும். உண்மையிலேயே கீறலைத் தடுக்கக்கூடியது பி.பி.எஃப். என்ற பாலியூரித்தேன் படலம். விலை பல மடங்கு.

ஏற்கெனவே கீறல் விழுந்த காருக்கு மெஷின் பாலிஷ்தான் வழி. ஒர்க்‌ஷாப்பில் 'ரப்பிங்' என்பார்கள். அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டிச் சமப்படுத்துகிறது. 40, 50 மைக்ரானில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும். வருடா வருடம் ரப்பிங் போட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் சுரண்ட ஒன்றும் மிஞ்சாது. எனவே, முதலில் துடைக்கும் முறையை மாற்றிவிட்டு, அப்புறம் ஒரே ஒரு தடவை நல்ல இடத்தில் பாலிஷ் செய்யுங்கள். முறையை மாற்றாமல் பாலிஷ் போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி.

புதிதாக விழுந்த வெள்ளைப் புள்ளிக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு ஏ.சி. தண்ணீர் கலந்து, நிழலில், குளிர்ந்த பரப்பில், மைக்ரோஃபைபரில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். பெரும்பாலும் கரைந்துவிடும். கரையவில்லை என்றால் அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் தேய்க்காமல் பாலிஷ் போடுபவரிடம் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். இரண்டு வாளி, ஒரு கையுறை, ஒரு டவல், ஏ.சி. பைப்பின் கீழ் ஒரு கேன். கார் துடைக்கும் அண்ணனிடம், "நாளையிலிருந்து பெயின்ட்டைத் தொட வேண்டாம்ண்ணே, சம்பளம் அதேதான்" என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம், "என்னப்பா, வண்டி தூசியா நிக்குது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். அடுத்த வருடம் வெயிலில் இரண்டு காரும் பக்கத்தில் நிற்கும்போது அவரே வந்து, எப்படிக் கழுவுறீங்க என்று விசாரிப்பார்.